யாருக்காவது விழும் சிவப்பு

முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: அந்தச் சோப்பு ஆலையில் எதுவும் திருடு போகவில்லை. ஒரு துண்டு சோப்புகூடக் காணாமல் போனதில்லை. மேனேஜர் வேறொரு ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போனார். அங்கே வாசலில் ஒரு பொத்தான் பெட்டியைக் கண்டார், மயங்கிவிட்டார். அடுத்த மாதமே நம் ஆலை வாசலிலும் அதே மாதிரி ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

விஷயம் இவ்வளவுதான். சாயங்காலம் வேலை முடிந்து வெளியே போகிறவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். பச்சை எரிந்தால் வீட்டுக்குப் போகலாம். சிவப்பு எரிந்தால் பக்கத்து அறைக்குப் போய்ப் பையைத் திறந்து காட்ட வேண்டும். பத்துக்கு ஒரு தடவை சிவப்பு எரிகிற மாதிரி உள்ளே ஏதோ வைத்திருக்கிறார்கள். யாருக்கு எரியும் என்று பெட்டிக்கே தெரியாது. ஆள் பார்த்து எரிகிற புத்தி அதற்குக் கிடையாது.

புத்தி நமக்குத்தான் உண்டு. அதுதான் வினை.

சோதனை அறையில் வேலை பார்க்கும் தராசுக்கு அந்த வாரம் திங்கட்கிழமை சிவப்பு விழுந்தது. தராசு என்பது அவளுடைய பட்டப்பெயர். பதினொரு வருடமாகச் சோப்பை எடை போட்டுப் போட்டு, ஒரு கட்டியைக் கையில் வாங்கினாலே "ரெண்டு கிராம் கம்மி" என்று சொல்லிவிடுவாள், அதனால் வந்த பெயர். திங்கட்கிழமை விழுந்தபோது எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பையில் இருந்தது சாப்பாட்டு டப்பா, சீப்பு, குடை, பாதி தின்ற இருமல் மிட்டாய். காட்டிவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமையும் விழுந்தது. "என்னடி, அதுக்கு உன்மேல காதலா?" என்று கேலி செய்தார்கள்.

புதன்கிழமை பச்சை. வியாழக்கிழமை மறுபடி சிவப்பு. இந்தத் தடவை யாரும் கேலி செய்யவில்லை. அதை அவள் கவனித்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் செய்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கணக்கில் பட்டம் வாங்கியவள். வேளாவேளைக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டு மாதிரி எடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவள். அப்பேர்ப்பட்டவள், வரிசையில் நாலு பேருக்கு வழிவிட்டுப் பின்னால் போய் நின்றாள், செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள், இடது கைக் கட்டைவிரலால் மெதுவாக, தூங்குகிற குழந்தையைத் தொடுகிற மாதிரி பொத்தானைத் தொட்டாள்.

சிவப்பு.

ஐந்து நாளில் நாலு தடவை. நாலு தடவையும் பையில் அதே டப்பா, அதே சீப்பு, அதே குடை. இருமல் மிட்டாய்கூட அதேதான். எதுவும் கிடைக்கவில்லையே, அத்தோடு விட்டுவிடலாம் அல்லவா? அதுதான் இல்லை. "எதுவுமே கிடைக்கலைன்னா எவ்வளவு கைகாரியா இருக்கணும்!" என்று பேச்சு கிளம்பிவிட்டது. அவள் என்ன திருடினாள் என்று யாருக்கும் தெரியாது, எங்கே வைத்திருக்கிறாள் என்றும் தெரியாது, ஆனால் திருடினாள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

வாசல் காவலுக்குத் தலைவர் ஒரு மீசைக்காரர். அவர் நோட்டில் எழுதினார்: 'ஒரே நபர், நான்கு முறை. சந்தேகத்துக்கு இடமானது.' கீழே இரண்டு கோடும் போட்டார்.

"ஐயா, நான் ஒண்ணும் பண்ணலை. சும்மாதான் அழுத்தினேன்," என்றாள் தராசு.

"எல்லாரும்தான் அழுத்தறாங்க. அவங்களுக்கெல்லாம் இத்தனை தடவை எரியலையே, உனக்கு மட்டும் ஏன் எரியுது?" என்றார் அவர்.

வீடு வரைக்கும் அந்தக் கேள்வி அவள் கூடவே வந்தது. கேள்வி அவ்வளவு நியாயமாக இருந்தது.

வீட்டில் அவள் புருஷன், தையல் மெஷின் பழுது பார்க்கிறவன், விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "நம்ம வீட்லயும் ஒண்ணு வாங்கி மாட்டிடலாம். யாரு பாத்திரம் கழுவறதுன்னு அதுவே சொல்லட்டும். உன் ராசிக்கு நான் தப்பிச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. "கைப்பையைத் திறந்து காட்டறது பெரிய விஷயமில்லைங்க. இன்னைக்கு மத்தியானம் லேபிள் வேற மேஜையில போய் உக்காந்துட்டா," என்றாள்.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. லேபிள் யார் என்று அவனுக்குத் தெரியும். உறை சுற்றும் மெஷினில் வேலை பார்ப்பவள். இவளும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பதினொரு வருடமாக ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருத்தி டப்பாவில் மற்றவள் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள். இவளுக்குப் பிரசவ வலி வந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஓடியது அவள்தான், புருஷன் இரண்டாவதாகத்தான் வந்தான்.

"எதுக்குப் போனா? கேட்டியா?"

"ஃபேன் காத்து அங்கதான் நல்லா வருதாம்."

அன்றைக்குப் பாத்திரத்தை அவனே கழுவினான்.

சனிக்கிழமை காலையில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் கழுத்தறுக்கும்போது குரல் இன்னும் மென்மையாகிவிடும். "தப்பா எடுத்துக்காதேம்மா. உன்மேல யாரும் குத்தம் சொல்லலை. ஆனா சோதனை அறைங்கறது நம்பிக்கையான இடம். நாலு பேர் நாலு விதமாப் பேசறாங்க. திங்கட்கிழமையிலேருந்து நீ அட்டைப்பெட்டி ஒட்டற பிரிவுக்குப் போயிடு. கொஞ்ச நாள் கழிச்சுப் பாக்கலாம்," என்றார்.

கொஞ்ச நாள் கழித்து யாரும் எதையும் பார்ப்பதில்லை, அது அவளுக்குத் தெரியும். அந்தப் பிரிவுக்குப் போனால் பேர் போனது போனதுதான். சோதனை அறைக்குத் திரும்பி வந்தாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆனால் மாதிரி எடுக்கும் நேரமாகிவிட்டது. அழுதாலும் வேலை வேலைதான்.

அவளுடைய வேலை இது. சோப்பை அழுத்தி முத்திரை குத்தும் மெஷினில் நாற்பது அச்சுகள். ஒரு தகர டப்பாவில் ஒன்றிலிருந்து நாற்பது வரை எண் போட்ட வில்லைகள். மணிக்கு ஐந்து தடவை டப்பாவைக் குலுக்கி ஒரு வில்லை எடுப்பாள். எந்த எண்ணோ அந்த அச்சிலிருந்து வந்த சோப்பை எடுத்துச் சோதிப்பாள். எடுத்த வில்லையை மறுபடி டப்பாவிலேயே போட்டுவிட வேண்டும். அது விதி.

குலுக்கினாள். இருபத்து மூன்று. சோதித்தாள், எழுதினாள், போட்டாள். மறுபடி குலுக்கினாள். ஏழு. அப்புறம் இருபத்து மூன்று. அப்புறம் முப்பத்தொன்று. கடைசியாக எடுத்தால், அட, மறுபடியும் இருபத்து மூன்று!

"உனக்கும் என் கதிதானா?" என்று வில்லையைப் பார்த்து வாய்விட்டுக் கேட்டாள்.

கேட்ட மாத்திரத்தில் கை அப்படியே நின்றுவிட்டது. பதினொரு வருடத்தில் இப்படி எத்தனை தடவை நடந்திருக்கிறது! ஒரு மணி நேரத்தில் ஒரே எண் மூன்று தடவை வருவது எப்போதாவது ஒரு நாள் நடக்கத்தான் செய்யும். எந்த எண் என்பதுதான் மாறும். யாராவது ஒரு நாள் இருபத்து மூன்றாம் அச்சைக் கூப்பிட்டு, 'உன்மேல் சந்தேகமாக இருக்கிறது, நீ அட்டைப்பெட்டிப் பிரிவுக்குப் போ' என்று சொல்லியிருக்கிறார்களா? சோப்புக்கு ஒரு நியாயம், மனுஷிக்கு ஒரு நியாயமா?

சோதனைத் தாளைத் திருப்பிப்போட்டுக் கணக்கை ஆரம்பித்தாள். வாரத்துக்கு ஆறு நாள், பத்துக்கு ஒரு சிவப்பு. ஒரு ஆளுக்கு ஒரே வாரத்தில் நாலோ அதற்கு மேலோ விழ எவ்வளவு வாய்ப்பு? போட்டாள், அடித்தாள், மறுபடி போட்டாள். கிட்டத்தட்ட எண்ணூற்றில் ஒன்று. பார்த்ததும் அவளுக்கே பக்கென்றது. எண்ணூற்றில் ஒன்று என்றால் யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள்?

ஆனால் ஆலையில் இருப்பது ஒரு ஆள் இல்லையே. இருநூற்றைம்பது பேர். ஒவ்வொரு வாரமும் இருநூற்றைம்பது பேரும் இந்தச் சூதாட்டத்தை ஆடுகிறார்கள். அப்படியென்றால் மூன்று வாரத்துக்குச் சராசரியாக ஒருத்தர் இந்த மாதிரி மாட்டித்தான் ஆக வேண்டும். பெட்டி வந்து ஒரு மாதமாகிவிட்டது. இத்தனை நாள் யாரும் மாட்டாமல் இருந்ததற்குத்தான் ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும்.

கணக்கு சரி. இந்தத் தாளைக் கொண்டுபோய் மீசைக்காரரிடம் நீட்டினால் என்ன ஆகும்? அதற்கும் கீழே இரண்டு கோடு போடுவார். கண்ணால் பார்க்காமல் அவர் எதையும் நம்புகிறவர் இல்லை. என்ன செய்யலாம் என்று யோசித்தபடி சுற்றிலும் பார்த்தாள். மூலையில் அன்றைக்குக் கழித்த சோப்புகள் கூடை கூடையாக, மறுபடி உருக்குவதற்காகக் காத்திருந்தன. ஒரு பக்கம் முத்திரை, மறு பக்கம் வழவழப்பு. ஒன்றை எடுத்துத் தரையில் சுண்டிப் போட்டாள். முத்திரை மேலே விழுந்தது. இன்னொரு தடவை போட்டாள். வழவழப்பு. அரை மணி நேரம் அதையே போட்டுப் போட்டுப் பார்த்தாள். பாதிக்குப் பாதி.

சாப்பாட்டு நேரத்துக்கு மேனேஜர் முன்னால் போய் நின்றாள். "ஐயா, திங்கட்கிழமை நீங்க சொன்ன இடத்துக்கே போறேன். அதுக்கு முன்னாடி எனக்குப் பத்து நிமிஷமும் இருநூத்தம்பது கழிச்ச சோப்பும் குடுங்க."

"எதுக்கும்மா?"

"ஆளுக்கு ஒண்ணு."

உருக்கப்போகிற சோப்புதானே என்று அவர் தலையாட்டினார். அவருக்கும் மனசு கொஞ்சம் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

மொத்த ஆலையும் முற்றத்தில் கூடியது. வேடிக்கை என்றால் சாப்பாட்டைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு வருகிற ஜனம் அது. தராசு ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்றாள். குரல் நடுங்கவில்லை.

"எல்லாரும் சோப்பைத் தரையில சுண்டிப் போடுங்க. முத்திரை மேல விழுந்தா நின்னுக்கிட்டே இருங்க. வழவழப்பு விழுந்தா உக்காந்துடுங்க. நிக்கறவங்க மட்டும் மறுபடி போடணும். இப்படி ஏழு தடவை." பிறகு மீசைக்காரரைப் பார்த்தாள். "ஐயா, ஒருத்தருக்கு விடாம ஏழு தடவையும் முத்திரையே விழுந்தா அவரை நீங்க சந்தேகப்படுவீங்களா?"

"சந்தேகமென்ன சந்தேகம்? பிடிச்சே வெப்பேன். சோப்புல ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்கான்னு அர்த்தம்," என்றார் அவர்.

"எழுதிக்கோங்க. ஏழு தடவையும் முத்திரை விழற ஆள் இந்தக் கூட்டத்துலயே இருக்கார். ஒருத்தர் இருக்கலாம், ரெண்டு பேர் இருக்கலாம். யாருன்னு எனக்குத் தெரியாது. தில்லுமுல்லு மட்டும் இருக்காது."

மீசைக்காரர் நோட்டைத் திறந்தார். இருநூற்றைம்பது சோப்பு ஒரே நேரத்தில் தரையில் விழுந்த சத்தம் இருக்கிறதே, கேட்டிருக்க வேண்டும் நீங்கள். முற்றம் முழுக்க வாசனை. பாதிப் பேர் முனகிக்கொண்டே உட்கார்ந்தார்கள். நின்றவர்களை எண்ணினால் நூற்றிருபத்தொன்று.

இரண்டாவது தடவை அறுபத்து நாலு. மூன்றாவது தடவை முப்பது. "டேய், காலை நகத்தாதே, உக்காரு!" "சோப்பு உருண்டு போச்சுடா, அது கணக்கில்லை!" "கணக்குதான், உக்காரு!" என்று ஒரே ரகளை. லேபிள் இரண்டாவது தடவையே உட்கார்ந்துவிட்டாள். பெட்டி மேல் நின்றவளின் பக்கம் அவள் ஏறிட்டே பார்க்கவில்லை.

நாலாவது தடவை பதினேழு பேர். ஐந்தாவது தடவை ஒன்பது. ஆறாவது தடவை மூன்று பேர் நின்றார்கள்.

இங்கேதான் தராசு பயந்துபோனாள். கணக்கு தெரிந்தவளுக்குத்தான் இந்தப் பயம் வரும். மூன்று பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்துவிட எட்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அப்படி நடந்துவிட்டால்? 'இன்னொரு தடவை ஆரம்பத்திலேருந்து போடலாம்' என்று சொன்னால் யார் கேட்பார்கள்? திருடி என்ற பட்டத்தோடு பைத்தியம் என்ற பட்டமும் சேர்ந்து வரும். கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்று சோப்பு விழுந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. கண்ணைத் திறந்தால், முற்றத்தின் நடுவில் ஒரே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். கொதிகலன்காரர்.

இந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருடமாகக் கொதிகலன் பக்கத்தில் இருந்து காது மந்தம். முற்றத்தில் என்ன விளையாட்டு, எதற்காக விளையாடுகிறார்கள் என்று ஒரு எழவும் அவருக்குத் தெரியாது. கையில் சோப்பைத் திணித்தார்கள், பக்கத்தில் இருந்தவன் போடுவதைப் பார்த்து இவரும் போட்டார். வாயில்லாப் பூச்சி. அவர் தில்லுமுல்லு செய்தார் என்று சொன்னால் கொதிகலனே சிரிக்கும்.

ஆனால் மீசைக்காரருக்குப் பழக்கதோஷம் விடுமா? கால் தன்னால் நடந்து போனது. சோப்பைப் பிடுங்கினார், இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், மோந்து பார்த்தார், நகத்தால் சுரண்டினார். இருநூற்றைம்பது பேரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு கொதிகலன்காரர் வெலவெலத்துப்போனார்.

"ஐயா, நான் ஒண்ணும் பண்ணலை. சும்மாதான் போட்டேன்!"

முதலில் ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பியது. அப்புறம் ஆலையே அதிர்ந்தது. மீசைக்காரர் கையில் இருந்த சோப்பைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். மனிதர் மோசமானவர் இல்லை. காது வரைக்கும் சிவந்துவிட்டது.

மேனேஜர்தான் கேட்டார். "இது எப்படிம்மா? விடாம ஏழு தடவைன்னா ரொம்ப அபூர்வமாச்சே?"

"இன்னாருக்குன்னு விரலை நீட்டிட்டுப் போடச் சொன்னா அபூர்வம்தான் ஐயா. கூட்டத்துல யாருக்காவதுன்னு கேட்டா சர்வசாதாரணம். போட்டு முடிஞ்ச பிறகு போய் விரலை நீட்டக் கூடாது. அதுதான் நடந்துச்சு. மூணு வாரத்துக்கு ஒருத்தர் மாட்டற மாதிரி ஒரு பெட்டியை வாங்கி வெச்சோம். ஒருத்தர் மாட்டினதும் அவங்களைத் திருடின்னோம்." தாளை நீட்டினாள். குரல் இப்போதுதான் நடுங்கியது. "எனக்கு ரொம்ப அவமானமா இருந்துச்சு ஐயா. அதையும் சேத்து எழுதிக்கச் சொல்லுங்க."

மேனேஜர் தாளை வாங்கி, புரிந்த வரைக்கும் படித்தார். பாதிதான் புரிந்தது, அதை ஒப்புக்கொண்டார். அட்டைப்பெட்டிப் பிரிவு பேச்சை எல்லோர் முன்னாலும் திரும்ப வாங்கிக்கொண்டார். "மன்னிச்சுடும்மா" என்று உரக்கவே சொன்னார். மீசைக்காரர் நோட்டில் அந்த இரண்டு கோட்டுக்கு மேலே எழுதியிருந்ததைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்து, கையெழுத்தும் போட்டார். கூட்டம் கைதட்டிவிட்டு, மிச்சச் சாப்பாட்டைத் தேடி ஓடியது.

தராசு தன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு நாளாக இறங்காத சோறு இன்றைக்கு இறங்கும் போலிருந்தது. டப்பாவைத் திறக்கும்போது பக்கத்தில் ஒரு நிழல் வந்து நின்றது. லேபிள். கையில் டப்பா, முகமெல்லாம் பல்.

"எனக்கு அப்பவே தெரியும்டி, நீ அப்படிப்பட்டவ இல்லைன்னு!"

"தெரியாது," என்றாள் தராசு.

"என்னடி இப்படிச் சொல்றே?"

"உனக்கு அப்ப தெரியாது. இப்பதான் தெரியும். மேனேஜருக்குத் தெரிஞ்ச அதே நேரத்துலதான் உனக்கும் தெரிஞ்சுது." டப்பா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "அவருக்குக் கணக்கு வேணும், குடுத்தேன். அவருக்கு என்னைத் தெரியாது. கொதிகலன்காரர் வரைக்கும் நிக்க வெச்சு நிரூபிச்சேன். உனக்கு எதுக்குடி கணக்கு? பதினொரு வருஷம் என் டப்பாவுல சாப்பிட்டதுக்கு, ஒரு பத்து நிமிஷமாவது அவங்களுக்கு முன்னாடி உனக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாதா?"

லேபிளின் சிரிப்பு மறைந்துவிட்டது. ஃபேன் காற்றைப் பற்றி ஏதாவது சொல்லப்போகிறாளோ என்று தோன்றியது. சொல்லவில்லை.

"பயந்துட்டேன்டி. உன்கூட உக்காந்தா எனக்கும் சிவப்பு விழும்னு பயந்துட்டேன்."

"அது என்ன அம்மையா, ஒட்டிக்கறதுக்கு?"

"எனக்கென்னடி தெரியும்? நான் கணக்கா படிச்சேன்?" என்று சொல்லும்போதே அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டாள். "முட்டாள்தனமாப் பண்ணிட்டேன். தப்புதான்."

தராசுக்குச் சிரிப்பு வந்தது, வலியும் அப்படியே இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று எடை போட்டுச் சொல்ல அவளாலேயே முடியவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். ஒரு முழு ஆள் உட்காரும் அளவுக்கு இல்லை, முக்கால் ஆள் அளவுக்கு.

லேபிள் அந்த முக்கால் இடத்தில், ஒரு தொடை வெளியே தொங்க, உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். மீதிக் கால் பங்கைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தராசு நினைத்தாள்.